எழுந்து போகாத கூட்டம்

ஆந்திர எல்லை பிரித்ததில் திருத்தணிக்காரர்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட, சித்தூர் கணக்காளர் சங்கக் கிளையில் மிஞ்சியவர்கள் பன்னிரண்டே பேர். ஆண்டுக் கூட்டத்தில் பத்துப் பேராவது கடைசிவரை இருக்காவிட்டால் கிளையை மூடிவிடுவார்கள். உறுப்பினர்களோ காப்பி குடித்ததும் நழுவுகிறவர்கள்.

திருப்பதியில் கூட்டத்தை முடித்துவிட்டு, தலையில் துண்டோடு வீடு திரும்பினார் செயலாளர் செங்கல்வராயன்.

"கிளை பொழைச்சுதா?" என்றாள் மனைவி தாட்சாயணி.

"பன்னெண்டு பேரும் அசையாம குந்திக்கினு இருந்தாங்க!"

"உங்க பேச்சக் கேட்டுக்கினா?"

"அட, எல்லாருக்கும் முடி வேண்டுதல் இருந்துது. மலைமேல மொட்டை போடற எடத்துலயே கூட்டத்தை வெச்சேன். ஆளுக்குப் பாதித் தலை செரைச்சதும் கத்தியை நிறுத்தச் சொல்லிட்டேன். நன்றியுரைக்கு அப்புறம்தான் மீதி!"

தாட்சாயணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் துண்டை அவிழ்த்தார். மொட்டை பளபளத்தது.

"இந்த வருசமும் என்னையே செயலாளரா போட்டுட்டாங்க. என்னாலயும் எழுந்து ஓட முடியல."