விழுந்தவர்கள் பேசலாம்

மாலை மூன்றரை மணிக்கு ஊராட்சிக் கூட்டம் தொடங்கியது. பள்ளிக்கூடப் பாதையோரம் திறந்து கிடக்கும் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்று செண்பகவல்லி எழுந்து கேட்டாள். போன மழையில் அவளுடைய மூத்த மகள் அதில் விழுந்து செத்துப்போனாள். பள்ளிக்கூடம் விட்டதும் இளையவளும் அந்தப் பாதையில்தான் வரவேண்டும்.

"நீ அந்தக் கிணத்துல விழுந்திருக்கியாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப உக்காரு. எதையும் பட்டவங்க சொன்னாத்தான் எடுபடும். விழுந்தவங்க யாராச்சும் இருந்தா வந்து சொல்லட்டும்."

பின்வரிசையில் மாசிலாமணி கையைத் தூக்கினான். ஒருமுறை குடித்துவிட்டு அதில் விழுந்து, மோட்டார் குழாயைப் பிடித்து ஏறி வந்தவன். அவனை முன்னால் அழைத்து நாற்காலி போட்டார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க. தண்ணி நெஞ்சு வரைக்கும் ஜில்லுனு இருந்துச்சு. ஏறி வந்தா, ஏத்துன போதைதான் எறங்கிப்போச்சு. சுவரெல்லாம் வெட்டிச் செலவு."

கூட்டம் சிரித்தது. சிலர் கை தட்டினார்கள்.

"அனுபவஸ்தனே சொல்லிட்டான், அப்புறம் என்ன?" என்ற தலைவர், தெருவிளக்குப் பேச்சை எடுத்தார்.

செண்பகவல்லி உட்காரவில்லை. விறுவிறுவென்று முன்னால் போய், மாசிலாமணியின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விழுந்தவங்கதானே சொல்லணும்? எம் பொண்ணுந்தான் விழுந்தா. கூப்பிட்டுக் கேளுங்க."