புதுக் கண்ணாடியில ஒரு சங்கு

"இதுல பாரு பெரியவளே, இந்தக் கைப்பிடியில"ன்னு அம்மா ஃப்ரிட்ஜ் மேல டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா.

அவ பென்சில் கரித்தூளைத் தொட்டு, பிரஷ்ஷால பட்டும் படாம தடவினா. வெள்ளைக் கைப்பிடியில ஒரு கட்டை விரல் கொஞ்சம் கொஞ்சமா எழும்பி வந்துச்சு. தண்ணிக்கு அடியில இருந்து ஒரு முகம் மேல வர்ற மாதிரி.

சங்கு.

"சின்னவ!"ன்னு அம்மா வாயைப் பொத்திக்கிட்டா.

ஹால் சுவர்ல ஒரு ஃப்ரேம் மாட்டியிருக்கு. அதுல படம் கிடையாது, ரெண்டு கட்டை விரல் பதிவு மட்டும்தான். நீலம் பெரியவளோடது, சக்கரம் மாதிரி வட்ட வட்டமா சுத்தும். சிவப்பு சின்னவளோடது, சங்கு மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சு திரும்பிடும்.

ரெட்டைப் பொண்ணுங்க. உரிச்சு வச்ச மாதிரி ஒரே மூஞ்சி. ஒருத்திக்கு ரெண்டு தடவை ஊசி போட வச்சு, இன்னொருத்தியை மறந்த கூத்துக்கு அப்புறம், அப்பா பெயிண்ட்ல விரலைத் தோய்ச்சு எடுத்து வச்ச அடையாளம் அது. மத்தபடி தினசரிக்கு வகிடுதான். பெரியவளுக்கு இடது பக்கம், சின்னவளுக்கு நடு.

சின்னவ போயிட்டான்னு செய்தி வந்து ஒரு மழைக்காலம் ஓடிப் போச்சு. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ரோட்டைத் தாண்டும்போது லாரி. கழுத்துல கிடந்த அடையாள அட்டையைப் பார்த்துத்தான் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாங்க.

அதுல இருந்து பெரியவ படிப்பு கவுந்து போச்சுன்னு எல்லாரும் பேசினாங்க. சயின்ஸ்ல எப்பவும் முதல்ல நிக்கிறவ, இப்ப பாஸ் மார்க்குக்கே மூச்சு வாங்குது. கூடப் பொறந்தவளைப் பறிகொடுத்த அதிர்ச்சி, பாவம்.

சயின்ஸ் டீச்சருக்கும் மனசு கேக்கலை. எக்ஸ்ட்ரா மார்க்குக்கு ஒரு ப்ராஜெக்ட் செஞ்சு கொண்டு வரச் சொன்னாங்க. எரிமலை செய்றேன்னு அவ சொன்னா. வருஷா வருஷம் எரிமலை வெடிச்சு என் மேஜைதான் நாறுது, நீ வேற ஏதாவது பண்ணு, வீட்டு ஆளுங்க கைரேகையை எடுத்துட்டு வான்னுட்டாங்க. ரெட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட ரேகை ஒத்துப் போகாது, பொறந்ததுல இருந்து சாகிற வரைக்கும் மாறவும் மாறாதுன்னு வேற சொன்னாங்க.

அன்னையில இருந்து அவளுக்குத் தூக்கம் போச்சு.

டீச்சர் அம்மாகிட்டயும் சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு வேற ஒரு நினைப்பு ஒட்டிக்கிச்சு. சின்னவ விரல் பட்ட இடம் வீட்டுல எங்கேயாவது மிச்சம் இருக்குமே! துடைக்கிற துணியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா.

இப்ப, அப்பா வேலையில இருந்து வர்றதுக்குள்ள, ரெண்டு பேரும் வீடு பூரா தேடிக்கிட்டு இருக்காங்க. சுவிட்ச்ல சங்கு. குழாயில சங்கு. பீரோ கதவுல வரிசையா சங்கு.

சக்கரம் ஒரு இடத்துலகூட வரலை.

அம்மா அதைக் கவனிக்கலை. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அவ மூஞ்சியில வெளிச்சம். "எங்கேயும் போகலைடி அவ. இங்கதான் சுத்திக்கிட்டு இருக்கா."

அப்புறம் டார்ச் கைகழுவுற இடத்துக் கண்ணாடிக்குப் போச்சு.

"அது வேணாம்மா. போன வாரம் வாங்கினது."

"அதனாலதான் பார்க்கச் சொல்றேன்."

கரித்தூள் கழுவுற தொட்டியில கொட்டுச்சு. பிரஷ் எங்கேயும் படாம காத்துலயே ரெண்டு தடவை தடவிப் பார்த்தா. அம்மா அவ மணிக்கட்டைப் பிடிச்சுக் கண்ணாடி மேல வச்சா.

அவ மோவாய் உயரத்துக்கு, பளிச்சுன்னு, ஒரு சங்கு.

அம்மா அந்த ரேகையையே பார்த்தா. அப்புறம் கண்ணாடிக்குள்ள நிக்கிறவளைப் பார்த்தா. இடது வகிடு. இறுக்கி மூடின வலது கை.

அம்மா திரும்பி அந்தக் கையை எடுத்தா. ஒவ்வொரு விரலா பிரிச்சா. கட்டை விரல் பூரா கரித்தூள் அப்பி, கோடெல்லாம் அச்சடிச்ச மாதிரி தெரிஞ்சுச்சு. அதுலயும் சங்கு.

லாரி மோதின அன்னைக்குச் சின்னவளுக்கு சயின்ஸ் டெஸ்ட். அவளுக்குப் பதிலா பெரியவ எழுதறதா பேச்சு. பஸ்ல சிரிச்சுக்கிட்டே அட்டையை மாத்திக்கிட்டாங்க, வகிட்டையும் மாத்திக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில அம்மா ஓடி வந்து, "பெரியவளே, நீயாவது இருக்கியே"ன்னு கட்டிப் பிடிச்சப்ப, இல்லைம்மா, நான் சின்னவன்னு சொல்ல அவளுக்கு வாய் வரலை.

அம்மா கண்ணாடிக்குக் கீழ இருந்த சீப்பை எடுத்தா. இடது வகிட்டைக் கலைச்சா. நடு நெத்தியில இருந்து நேரா ஒரு கோடு கிழிச்சா.

சீப்பு பாதி வழியில நின்னு போச்சு.

இத்தனை மாசமா சின்னவளுக்காக அழுதவ, அன்னைக்குத்தான் முதல் தடவையா பெரியவளுக்காக அழுதா.