ரஹீமா பீவியின் வயிற்றுவலி

"என்னைய அந்த இருட்டு ரூமுக்குள்ள தள்ளாதீங்க மச்சான், நான் வரமாட்டேன்!"

கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள் ரஹீமா பீவி. அவள் கணவர் ஜெய்னுலாப்தீனுக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. கறம்பக்குடிச் சந்தையில் கடலை வியாபாரிகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற மனுஷர், பெண்டாட்டியிடம் மட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"பஸ் ஏறிப் புதுக்கோட்டை வரைக்கும் வந்தாச்சு. இன்னும் நாலு அடி. ஒனக்காகத்தானே நானே இந்த வாசலை மிதிச்சேன்?"

அது உண்மைதான். அவருடைய அண்ணன் ஷேக் பரீதை வயிற்றுவலி என்று எங்கோ ஓர் ஆசுபத்திரியில் சேர்த்து, ஜனாஸாவாக, உயிரில்லாத உடம்பாகத் தூக்கிவந்தார்கள். அன்றிலிருந்து, செத்தாலும் ஆசுபத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் போட்டவர் அவர்.

ஆனால் மூன்று மாதமாக இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு விழுகிறாள். ஓமத்தண்ணீர், சுக்கு, பள்ளிவாசல் அசரத் ஓதிக் கொடுத்த தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. இவள் போய்விட்டால் தனக்கு இந்த உலகத்தில் என்ன மிச்சம் என்று ஒருநாள் நினைத்துப் பார்த்தார். சபதம் அன்றைக்கே உடைந்துபோனது.

வழியில் திருவரங்குளம் வந்தபோதுகூட மனசு தடுமாறி, "வலி தேவலைன்னா இப்படியே திரும்பிடலாமா?" என்று கேட்டுப் பார்த்தார். உடனே அவளுக்கு வலி இரண்டு மடங்காகிவிட்டது.

டாக்டர் ஞானராஜ் ஆவூர்க்காரர். வயிறு, ஈரல், குடல் இந்த மூன்றுக்காகவே சீமைக்குப் போய்ப் படித்தவர். காதுவலி என்று யாராவது போனால் அடுத்த தெருவுக்குக் கைகாட்டிவிடுவார். சமஸ்தானத்து அதிகாரி ஒருவர் இருந்த பங்களாவில்தான் அவருடைய ஆசுபத்திரி. சமஸ்தானம் போய்ப் பதினைந்து வருஷமாகியும், அந்த வாசலில் நின்றால் ஜனங்களுக்கு முதுகு தானாக வளைந்தது.

"வாங்க ராவுத்தரே. பயப்படாதீங்கம்மா, இங்கிட்டு வந்து இதைப் பாருங்க."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, எக்ஸ்ரே எந்திரத்தின் திரைக்குப் பின்னால் தன் கையை நீட்டினார். மங்கலான பச்சை வெளிச்சத்தில் சதை மறைந்துபோய், விரல் எலும்புகள் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

ஜெய்னுலாப்தீனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "சுபுஹானல்லா! படைச்சவன் மட்டும் பாக்குற எடமாச்சே டாக்டரே இது!"

"அவன் காட்டித்தான் நாங்களும் பாக்குறோம்."

ரஹீமா பீவி இன்னும் அசையவில்லை. "மொதல்ல நீங்க நில்லுங்க மச்சான். ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நானும் நிக்கிறேன்."

"இம்புட்டுத்தானே!" அவர் சட்டையைக் கழற்றினார்.

"வெறும் வயிறா இருக்கணுமே ராவுத்தரே," என்றார் டாக்டர்.

"இருக்கேன். 'நான் பட்டினி கெடக்கையில ஒங்களுக்கு மட்டும் சோறு எறங்குமா'ன்னு ராத்திரியே கேட்டுட்டா. அப்புறம் எப்படி எறங்கும்?"

சுண்ணாம்பைக் கரைத்தது போன்ற மருந்தை ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மறுபடி இருட்டு. நெஞ்சில் திரை ஜில்லென்று பட்டது. எதிரிலிருந்து ரஹீமாவின் குரல் மட்டும் வந்தது.

"யா அல்லா... மச்சான், ஒங்க கல்பு துடிக்கிறது தெரியுது! வெள்ளையா எறங்குது... இந்தா, பைக்குள்ள விழுது. பை உசுரோட நெளியுது மச்சான்..."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவளுக்கு முன்னால் இப்போதுதான் முதன்முதலாக வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அது ஆசுபத்திரிப் பயம் இல்லை, தொழுகையில் தலையைத் தரையில் வைக்கும்போது வருகிற பயம். இத்தனை காலமும் தான் பாட்டுக்குத் தின்று, தூங்கி, கத்திக்கொண்டிருக்க, உள்ளே ஒருத்தன் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறானே என்று கண் கலங்கினார்.

டாக்டர் வயிற்றில் ஓரிடத்தில் அழுத்தினார். ஜெய்னுலாப்தீன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இங்கதாம்மா," என்று டாக்டர் மெல்லச் சொன்னது கேட்டது. "வெள்ளை தேங்கி நிக்குது பாருங்க."



விளக்கு எரிந்தபோது அவள் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"அட பைத்தியமே, நான்தான் முழுசா நிக்கிறேனே, எதுக்கு அழுவுறே? வா, இப்ப நீ வந்து நில்லு."

டாக்டர் கையுறையைக் கழற்றி வைத்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. புண்ணு ஆழமாத்தான் இருக்கு, ஆனா இன்னும் ஓட்டை விழலை. இன்னைக்கே இங்க படுத்துட்டா கண்டிப்பாக் காப்பாத்திடலாம்."

"அவளை நீங்க இன்னும் பாக்கவே இல்லையே டாக்டரே!"

"அவங்க போன வாரமே தனியா வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிட்டாங்க ராவுத்தரே."

ஜெய்னுலாப்தீன் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"எனக்கு ஒரு நோவும் இல்ல மச்சான். நடுச்சாமத்துல கொல்லையில ரத்தமா வாந்தியெடுத்து, சாம்பலை அள்ளி மூடிட்டு, சத்தமில்லாம வந்து படுத்துக்கிட்டீங்களே... அன்னைக்குப் புடிச்சதுதான் எனக்கு இந்த வயித்துவலி."