ரெண்டு நிமிஷம்

"சார், பன்னிரண்டாம் நம்பர் பஸ், பள்ளிக்கூட ஸ்டாப்ல தினமும் ரெண்டு நிமிஷம் சும்மா நிக்குது. அடுத்த ஸ்டாப்ல காத்துக்கிட்டிருக்கிற எனக்கே நல்லாத் தெரியுது. ஆபீசுக்கு லேட்டாகுது சார்!"

உள்ளூர் வானொலியின் 'ஊர் வாய்' நிகழ்ச்சிக்கு வந்த முதல் அழைப்பு.

தொகுப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு வாரமாகச் சாக்கடை அடைப்பைத் தவிர யாரும் எதையும் பேசவில்லை. வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"ரெண்டு நிமிஷம்னா சும்மாவா நேயர்களே? அம்பது பேர் இருந்தா நூறு நிமிஷம்! பஸ் என்ன அவர் வீட்டுச் சொத்தா?"

அழைப்புகள் குவிந்தன. தூங்குகிறார் என்றார் ஒருவர். போனில் பேசுகிறார் என்றார் இன்னொருவர்.

"பொண்டாட்டிகிட்டயா, வேற யார்கிட்டயாவதா?" தொகுப்பாளர் கேட்டதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த அழைப்பு.

"சார், நான்தான் அந்த டிரைவர். பஸ் ரேடியோல கேட்டுக்கிட்டேதான் வந்தேன். கடைசி ஸ்டாப்ல வண்டியை நிறுத்திட்டுப் பேசுறேன்."

"வாங்க ராஜா! ஏன் நிறுத்துறீங்க? ஊரே கேட்டுக்கிட்டிருக்கு, சொல்லுங்க."

போனுக்குப் பக்கத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"காரணம் ஒண்ணுமில்ல சார். என் தப்புதான். நாளையிலேருந்து நிக்காது."

"பார்த்தீங்களா? கேட்கிற விதத்துல கேட்டா எல்லாம் நடக்கும்!"

அன்றைக்குப் பாராட்டு மழை.

மறுநாள் காலை, நிலையத்துக்குக் காரில் போகும்போது தொகுப்பாளர் வேண்டுமென்றே பள்ளிக்கூட ஸ்டாப் வழியாகப் போனார். பன்னிரண்டாம் நம்பர் வந்தது. நின்றது. உடனே கிளம்பிவிட்டது.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருமுனையில் ஒரு பெண் ஊன்றுகோலோடு தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பஸ் திரும்பி மறைந்தது.

கையைக் கீழே போட்ட பிறகுதான் முகம் தெரிந்தது. தொகுப்பாளர் சட்டென்று பிரேக் போட்டு இறங்கினார்.

"அக்கா! நீ எங்கே இங்கே?"

"பிசியோதெரபிக்குடா. கால் ஆபரேஷன் ஆனதுலேருந்து போயிட்டுத்தானே இருக்கேன். ரெண்டு மாசமாச்சு."

ஆபரேஷன் முடிந்த வாரம் அக்கா கேட்டிருந்தாள், 'போற வழிதானே, கார்ல விட்டுடுறியா?' என்று. 'நிகழ்ச்சி நேரம்க்கா' என்று சொல்லிவிட்டார். எப்படிப் போகிறாள் என்று அப்புறம் கேட்கவே இல்லை.

"அந்த பஸ்லயா போவே?"

"ஆமா. தெருமுனையில என் தலை தெரிஞ்சா போதும், டிரைவர் நிறுத்திடுவார். நான் ஏறி உட்கார்ற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டார். தங்கமான மனுஷன்."

தொகுப்பாளர் பஸ் போன திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை நேத்து சொல்லியிருக்கலாமே அவர்! ஒண்ணுமில்லைன்னு ஏன் சொன்னார்?"

அக்கா அவர் தோளைப் பிடித்து மூச்சு வாங்கினாள்.

"சொல்லத்தான் போனை எடுத்தார். கடைசி ஸ்டாப்ல இறங்கிப் பக்கத்துல நின்ன நான்தான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். 'எனக்காகன்னு சொல்லிடாதீங்க. கூடப் பிறந்தவளைக் கவனிக்காதவன்னு ஊர் சிரிக்கும். பேசுறது என் தம்பி'ன்னு."