வழுக்கை நிலம்

மரக்கன்றுகளைப் பிடுங்கிய ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையை இயக்குநர் என் தலையில் கட்டினார்.

"மேலேருந்து எல்லாம் தெரியும்னு பீத்திக்கிறீங்கள்ல? நேத்து எடுத்த படத்தைப் போடுங்க. யாருன்னு தெரிஞ்சா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அவர் பார்வை தோட்டக்காரர் மேல்தான் இருந்தது. ஓய்வுபெறச் சில மாதங்களே பாக்கியிருக்கிற மனிதர், கதவோரம் கைகட்டி நின்றார்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை மணல் பரப்பு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் வழுக்கை. இயக்குநர் எதிரில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. காரணம் அவர் தலையிலேயே இருக்கிறது.

காடுகளைக் கண்காணிக்கும் எங்கள் செயற்கைக்கோள், மேலே கடக்கும்போதெல்லாம் அந்த மணலைப் பார்த்துத்தான் தன் கண்ணைச் சரிசெய்துகொள்ளும். மணல் மாறவே கூடாது. அங்கே பச்சை படர்ந்தால், வரைபடத்தில் நாட்டுக் காடெல்லாம் வாடிப்போனதாகக் காட்டிவிடும்.

அதனால்தான் ஒரு புல்கூட முளைக்காமல் பார்த்துக்கொள்ள, சம்பளம் கொடுத்து ஒரு தோட்டக்காரரை வைத்திருக்கிறோம். சிரிக்காதீர்கள், உண்மை.

போன மாதம்தான் வேறு துறையிலிருந்து வந்த இயக்குநருக்கு அது சும்மா கிடக்கிற இடமாகப் பட்டது. சுற்றுச்சூழல் நாளன்று கேமராக்காரர்களோடு வந்து வரிசையாகக் கன்றுகள் நட்டார். ஒவ்வொன்றிலும் அவர் பெயர்ப்பலகை. தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். மரம் நட வேண்டாம் என்கிற பெண்ணை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று விடுமுறை. செயற்கைக்கோளுக்கு ஏது விடுமுறை? அது வந்த நேரத்தில் அங்கே ஒரு கன்றும் இல்லை. குழிகளை மூடி, மணலை நிரவியிருந்தார்கள்.

படத்தைத் திரையில் போட்டேன். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். வெறும் வெள்ளைக் கட்டங்கள்.

"ஆள் தெரியாது சார். காடு அழிஞ்சா தெரியும், அழிக்கிற ஆள் தெரியாது. அவ்வளவு சின்னதெல்லாம் இதுக்குப் புலப்படாது."

இதற்கா இத்தனை கோடி என்று முணுமுணுத்தபடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

அவர் படியிறங்கும் வரை தோட்டக்காரர் அசையவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"இதுல நாம ரெண்டு பேரும் எங்கம்மா நிக்கிறோம்?"