டிராயரில் கிடந்த இரண்டு போன்கள்

வகுப்பில் பிடிபட்ட இரண்டு போன்கள் தலைமையாசிரியையின் டிராயரில் கிடந்தன.

"நேத்து எங்க குரூப்ல ஒரே சிரிப்பு," என்றது நீலக் கவர் போன். "ஒருத்தி மேடையில பாட்டு மறந்து அழுததை ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்க."

"அவளோட போன்தான் நான்."

நீலக் கவர் தடுமாறியது. "எங்க தர்ஷிகா சும்மா ஒரு சிரிப்பு பொம்மைதான் போட்டா. எல்லாரும் போட்டாங்க."

"அவ தர்ஷிகா பேரைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தா. ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்."

"அந்த ஸ்டிக்கரை, மெசேஜை எல்லாம் அவ அழிச்சிட்டாளா?"

"இல்லை. யார்கிட்டயும் சொல்ல அவளுக்கு வாய் வரலை. அதான் டீச்சருங்களே பார்க்கட்டும்னு லாக்கை எடுத்துட்டு, பாடம் நடக்கும்போது வேணும்னே என்னை அலறவிட்டா."

டிராயர் திறந்தது. தலைமையாசிரியையின் கை வந்து அந்தப் போனை எடுத்துக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் அதே கை நீலக் கவரைத் தேடி வந்தது.