முட்டை பொரிக்க நான்கு வழிகள்

இரண்டு மணி நாற்பது நிமிடமாகச் சக்கரபாணி சார் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

வேங்கிக்கால் சமுதாயக் கூடத்தில் அன்று மகளிர் குழுவினருக்கு முட்டை பொரிக்கும் பயிற்சி. மேற்பார்வையிட்டுச் சான்று எழுத வேண்டிய அதிகாரி அவர். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். முட்டை கண்ணில் படக்கூடாது.

பயிற்சி கொடுப்பவள் மதிவதனி. வேதியியல் பட்டதாரி, தற்காலிக வேலை. அவர் நல்லபடியாக எழுதினால் இன்னும் ஒரு வருடம் ஓடும். இல்லாவிட்டால் இன்றோடு சரி.

முதலில் ஆஃப்பாயில். தோசைக்கல் சொய்யென்றது.

“அதத் திருப்பிடாதம்மா. மிளகுத்தூள் போட்டா போதும்” என்றார் சார், சுவரிடம்.

அடுத்து ஃபுல்பாயில்.

“இப்பத் திருப்பு.”

மதிவதனி கரண்டியைத் திருப்பினாள்.

“மஞ்சக்கரு ஒடையவே இல்ல சாமி! பொண்ணுக்கு என்னா கைராசி!” என்றாள் முன்வரிசைப் பச்சையம்மாள்.

மற்ற பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

மாலை போடும்வரை சாருக்குத் தினமும் காலையில் இரண்டு ஆம்லெட். அதனால் ஆம்லெட்டுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். வெங்காயத்தை எவ்வளவு பொடியாக நறுக்குவது, நுரை எதுவரை எழ வேண்டும், ஓரம் எப்போது சிவக்கும் என்று சொல்லச் சொல்ல எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

வெங்காயம் வதங்கும் வாசனை சுவர்வரை போயிற்று.

“தீயக் கம்மி பண்ணும்மா, முட்டை கருகுது. நான் பாக்கவே வேணாம், மூக்கு சொல்லிடும்.”

மதிவதனி தீயைக் குறைத்தாள்.

பொடிமாஸும் முடிந்தது. சார் படிவத்தை மடியில் வைத்து ‘நான்கு முறைகளும் மிக நன்று’ என்று எழுதினார். கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை நிறுத்தினார்.

“எல்லாருக்கும் ஒரு வாய் குடும்மா. ருசி எப்படினு அவங்க சொல்லட்டும், அதையும் எழுதிடறேன்.”

பெண்கள் எல்லாரும் மதிவதனியைப் பார்த்தார்கள்.

மதிவதனி அடுப்பை அணைத்தாள்.

“முட்டையே வரல சாமி. ஒங்க டிரைவரும் மாலை போட்டிருக்காரு. ஜீப்புல ஏத்த மாட்டேன்னுட்டாரு.”